கருவிப்பெட்டியோடு ஒரு பயணம்

நம் தமக்கையாரின் இளைய மகன் வளைகுடா நாடொன்றில் தச்சுத் தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். இனி ஊரோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்து, சென்ற சித்திரை மாதத்தில் திருவட்டாற்றுக்கு அருகிலுள்ள வீட்டுக்குத் திரும்பினான். வந்த மூன்றாம் நாளே தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, பாட்டாக்க பெட்டி உங்க கிட்டத்தானே இருக்கு?"

வீட்டின் பின்தாழ்வாரத்தில் சிறியதொரு தச்சுப்பட்டறை அமைக்க எண்ணியிருக்கிறானாம். அறுப்பதற்கும் துளையிடுவதற்கும் மின்சாரக் கருவிகள் வாங்கிவிட்டானாம். ஆயினும் நுணுக்க வேலைக்குப் பாட்டாவின் உளிகளும் இழைப்புளிகளும் வேண்டுமாம். "இருக்கிறது, கொண்டு வருகிறோம்" என்று சொல்லிவிட்டோம். சொன்ன வாய் மூடுமுன்பே நெஞ்சில் ஓர் உறுத்தல் எழுந்தது. அந்தப் பெட்டியை நாம் திறந்து பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே நினைவில்லை.

நம் தந்தையார் 1998-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் தச்சர். தம் தொழிலை மகன் ஏற்பான் என்று எதிர்பார்த்தவர், மகன் குருமடம் புகுந்தபோது ஒரு சொல்லும் சொல்லாமல் வழியனுப்பியவர். அடக்கம் முடிந்த மறுநாள் தமக்கையார் அந்தப் பெட்டியை நம்மிடம் ஒப்படைத்தார்கள். அன்று முதல் அது நம்மோடு நான்கு பங்குகளுக்கு மாறுதல் பெற்றிருக்கிறது. அவற்றில் பிந்திய இரண்டும் கடற்கரைப் பங்குகள். இப்போதைய பங்கு இல்லத்தில் அதன் இருப்பிடம் மாடிப்படியின் அடிப்புறம். பழைய நாற்காலிகள், திருவிழாக் கொடிக்கம்பத்தின் கயிறு, கிறிஸ்மஸ் குடிலின் தகரக்கூரை ஆகியவற்றோடு அதுவும் கிடந்தது.

அன்றிரவே இழுத்துத் திறந்தோம். பலாப்பலகைப் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே கருவிகளைச் சுற்றியிருந்த சணல்சாக்குதான் குற்றவாளி. சணல் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதை விடாமல் வைத்திருக்கும். நாம் அதைப் பாதுகாப்பு என்று எண்ணியிருந்தோம். எட்டு உளிகள், மூன்று இழைப்புளிகள், இரண்டு வாள்கள், ஒரு வாய்ச்சி, மூலைமட்டம், வரைகோல், புளியமர வைரத்தில் கடைந்த கொட்டாப்புளி. இரும்பு என்று சொல்லத்தக்கவை யாவும் செங்கல் நிறத்தில் இருந்தன. ஒரு வாளை எடுத்தபோது அதன் பல் ஒன்று துகளாக உதிர்ந்து கையில் ஒட்டியது. வீட்டில் ஒழுங்கு வேண்டும், பொருள்களைப் பேண வேண்டும் என்று பலமுறை பீடத்திலிருந்து பேசியிருக்கிறோம். அன்று அந்தப் படிக்கட்டின் கீழ் குந்தியிருந்தபோது அந்தப் பிரசங்கங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

இந்த நிலையில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு மனம் ஒப்பவில்லை. பழைய இரும்புக்காரருக்குப் போடுவதா, மீட்க வழி உண்டா என்று அறிந்தவர்களிடம் கேட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். வியாழனும் வெள்ளியும் ஓய்வு கிடைத்தன. பெட்டியை ஒரு வாடகை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முதலில் முட்டத்துக்குப் புறப்பட்டோம். உப்புக்காற்றிலேயே தொழில் செய்யும் வள்ளத் தச்சர்கள் தங்கள் கருவிகளை எப்படிக் காக்கிறார்கள் என்று பார்ப்பதே முதல் நோக்கம்.

முட்டத்தை வாசகர்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். பாராதோர் திரைப்படத்தில் பார்த்திருப்பீர்கள். 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' வந்த நாள் முதல் அந்தப் பாறைகளும் செம்மண் மேடும் ஊரறிந்தவை ஆகிவிட்டன. ஆனால் வள்ளத் தொழிலை அறிந்தவர்களுக்கு முட்டம் வேறொரு காரணத்தால் நினைவில் நிற்கும். 1980-களின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் பியர் ஜிலே என்பவர் இங்கே தங்கி, கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் துணையோடு, ஒட்டுப்பலகையால் வள்ளம் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் பசையும் கண்ணாடியிழையும் இட்டுக் கட்டப்பட்ட அந்த வள்ளங்கள், அலையில் ஏறிக் கரை சேரும் நம் கடற்கரைக்கு ஏற்ப வடிக்கப்பட்டவை. அந்த முயற்சியின் துன்பங்களையும் வெற்றியையும் அவர் 1985-இல் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்ற நூலாக எழுதினார். சிறியதைச் செய்வதே கடினம் என்பது அதன் பொருள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழை வள்ளங்கள் பெருகி, மரவேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. இருப்பினும் பழுது பார்ப்பதற்கும் அச்சுச் செய்வதற்கும் உளி பிடிக்கும் கைகள் சில இன்னும் இருக்கின்றன.

ஓலைக் கொட்டகை ஒன்றில் அத்தகைய ஒருவரைக் கண்டோம். சுவரே இல்லாத இடம். நாற்புறமும் காற்று. அவருடைய கருவிகள் எங்கே என்று கேட்டோம். மூடியுள்ள நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைக் காட்டினார். இரசாயனப் பொருள் வந்த பீப்பாய், நன்றாகக் கழுவி எடுத்தது. மூடியை இறுக்கினால் காற்றுப் புகாது. உள்ளே ஒவ்வொரு கருவியும் எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றப்பட்டிருந்தது.

"சாமி, எண்ணெய் போட்டா போதும்னு எல்லாரும் நினைக்கான். உப்பு ஒட்டியிருக்கும்போதே எண்ணெய் போட்டா உள்ளே இருந்து தின்னும். முதல்ல நல்ல தண்ணியில கழுவணும். பிறவு தொடைச்சு, வெயில்ல காட்டி, சூடு ஆறினபிறவுதான் எண்ணெய்."

மாலையில் வேலை முடித்தவுடன் இதனைச் செய்யாமல் அவர் வீட்டுக்குப் போவதில்லையாம். வள்ள எஞ்சினிலிருந்து கழித்த எண்ணெயைச் சிலர் தடவுகிறார்கள், அதில் புளிப்பு ஏறியிருக்கும், அது இரும்புக்குப் பகை, புது எண்ணெயே வேண்டும் என்றும் சொன்னார். நம் பெட்டியைத் திறந்து காட்டினோம். சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இது நாட்டுத் தச்சருக்க ஆயுதம். இதை மேட்டுக்காரங்க கிட்ட காட்டுங்க" என்று மரியாதையாகக் கைவிட்டார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது எஃகின் மேல் கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலம் படிந்து துருவேறுதல் விரைவடைகிறது. உப்பு படிந்திருந்தால் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே தொடங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் பெறும் நம் மாவட்டத்தில், கடலுக்கு அருகில், காற்று அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நாள்கள் எத்தனை? மதுரையிலோ கோயம்புத்தூரிலோ திறந்த அலமாரியில் பல்லாண்டு பளபளக்கும் உளி, நம் கடற்கரையில் ஒரே இடவப்பாதி மழையில் சிவந்துவிடும்.

அங்கிருந்து பேருந்தில் தக்கலைக்குப் பயணம். நடத்துநர் பெட்டிக்கும் ஒரு சீட்டுக் கேட்டார், கொடுத்தோம். காலருகே அதனை வைத்துக்கொண்டு போகையில், எப்போதோ வாசித்த வேறிரண்டு பெட்டிகள் நினைவுக்கு வந்தன.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த கோட்லாந்து தீவில் 1936-இல் ஓர் உழவர் சதுப்புநிலத்தை உழுதபோது கலப்பையில் ஒரு பெட்டி சிக்கியது. ஓக் மரப்பெட்டி, சுற்றிலும் சங்கிலி. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அதனுள்ளும் அருகிலுமாக வாள், வாய்ச்சி, துரப்பணம், அரம், சம்மட்டி என்று இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. மாஸ்டர்மிர் பெட்டி என்று அதற்குப் பெயர். காற்றுப் புகாத சேறு இரும்பைக் காத்துவிட்டது. மற்றது இங்கிலாந்தின் 'மேரி ரோஸ்' கப்பல். 1545-இல் மூழ்கி, 1982-இல் வெளியே எடுக்கப்பட்டது. அதில் தச்சருக்கென்று தனியறையே இருந்தது, அவருடைய பெட்டியும் கருவிகளும் அதில் இருந்தன. ஆனால் அங்கே கடல்நீர் இரும்பைப் பெரும்பாலும் கரைத்துவிட்டது. எஞ்சியவை மரக் கைப்பிடிகளே. நம் பெட்டிக்கோ சேற்றின் காவலும் இல்லை, வள்ளத் தச்சரின் பீப்பாயும் இல்லை. ஈரமும் காற்றும் உப்பும் ஒருங்கே வாய்த்த மாடிப்படியின் அடிப்புறம் அதற்குக் கிடைத்திருந்தது!

தக்கலையில் இறங்கியபோது முற்பகல். நாம் காணவிருந்த முதிய தச்சர், தந்தையாரோடு இளமையில் பல வீடுகளில் வேலை செய்தவர், அழகியமண்டபத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கிறார். பிற்பகலில்தான் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். இடைப்பட்ட நேரத்தில் பெட்டியைத் தெரிந்தவர் கடையில் வைத்துவிட்டுப் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றோம். தந்தையார் நம்மைச் சிறுவயதில் அழைத்துச் சென்ற ஒரே சுற்றுலாத்தலம் அதுதான்.

1601-ஆம் ஆண்டளவில் எழுந்து, 1750-ஐ ஒட்டி மார்த்தாண்டவர்மரால் விரித்துக் கட்டப்பட்டு, 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை வேணாட்டு அரசின் இருக்கையாக விளங்கியது அது. 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும், அரண்மனையைப் பேணும் பொறுப்பு கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்து வருகிறது. இந்த அரண்மனை ஊழியத்தில் இருந்தவரே, 2022 மே 15-இல் புனிதர் பட்டம் பெற்ற நம் தேவசகாயம் பிள்ளை. அவர் நடந்த தரையில் நடக்கிறோம் என்னும் எண்ணம் நம் மக்களுக்கு அங்கே எப்போதும் உண்டு.

பார்வையாளர்கள் பூமுகத்தின் மேற்கூரையில் செதுக்கிய 90 வகை மலர்களை அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தனர். நாமோ அன்று, பொருள்கள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதையே பார்த்து நடந்தோம். ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு உணவிட்ட ஊட்டுப்புரையில் ஊறுகாய் வைத்த பெருஞ்சாடிகளைப் பார்த்தோம். தாழ இறங்கிய ஓட்டுச் சரிவுகளைப் பார்த்தோம். மழைச்சாரல் சுவரைத் தொடுவதில்லை. சாளரங்களில் கண்ணாடி இல்லை, மரச்சட்டங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. காற்று நுழையும், வெயிலும் மழையும் நுழையா. கூரையின் முக்கோண முகப்புகள் உள்ளிருக்கும் வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே விடுகின்றன. நூற்றாண்டுகளாக மரம் இங்கே நிற்பதற்கு அதன் வைரம் மட்டுமே காரணமன்று. நனைந்தாலும் உலர்ந்துவிட வழி செய்து வைத்திருக்கிறார்கள். தந்தையார் அன்று ஒரு தூணைத் தட்டிக்காட்டி ஏதோ சொன்னார். சிறுவனாகிய நாம் வெளியே விற்ற ஐஸ் மீது கண்ணாக இருந்தபடியால் அது காதில் விழவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு முதியவரின் வீட்டை அடைந்தோம். எண்பதைக் கடந்தவர். பட்டறை என்று தனிக்கட்டடம் இல்லை. வீட்டின் கிழக்குப் பக்கத் திண்ணையை நீட்டி, ஓடு வேய்ந்து அமைத்தது. பன்னிரண்டு அடி நீளம், எட்டடி அகலம் இருக்கலாம். ஆனால் அந்தச் சிறிய இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் வேண்டிய கருவி கையில் வந்துவிடும் போலத் தோன்றியது.

"மேற்கே வைக்கலாமே, அங்கே இடம் அதிகமிருக்கிறதே?" என்று கேட்டோம்.

"இடவப்பாதிச் சாரல் முழுக்க மேற்கேதான் சாமி அடிக்கும். அந்தச் சுவரு ஆறு மாசம் வேர்க்கும். அதில ஆயுதம் தொங்கவிட்டா தூக்கில போட்டது மாதிரி."

வேலைமேசைக்கு மேலே சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தேக்குப் பலகை ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. சுவரின் ஈரம் பலகைக்கு வராமல் இருப்பதற்கு அந்த இடைவெளி. தேக்கைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. அதிலுள்ள எண்ணெய்ப்பசை தன்னைத் தொடும் இரும்பை அரிப்பதில்லை. கப்பல் கட்டுவோர் தேக்கை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஓக் போன்ற துவர்ப்பு மிகுந்த மரங்கள் ஈரத்தில் ஆணியையே தின்றுவிடும். உளிகள் அந்தப் பலகையில் துளையிட்ட தட்டொன்றில் அகல வரிசைப்படி, கைப்பிடி மேலாக நின்றன. கூர்முனைகளுக்குக் கீழே தடுப்புச் சட்டம் இருந்தது. கைக்குழந்தை தவழ்ந்து வந்தாலும் எட்டாத உயரம். வாள்களின் பற்களுக்குப் பிளந்த மூங்கில் உறை. இழைப்புளிகள் தட்டையாக வைக்கப்படாமல், வாய்ப்பக்கம் மெல்லிய சட்டத்தின் மேல் ஏறி நிற்க, அலகு எதையும் தொடாதபடி சாய்ந்திருந்தன. நாள் முழுவதும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருந்தன. வாரத்துக்கொருமுறை எடுப்பவை அதற்கு மேலே. கனமான வாய்ச்சியும் சம்மட்டியும் மேசைக்கு அடியில்.

திருகாணிகளுக்கு அவர் கண்டுபிடித்த வழியைக் குடும்பத் தலைவிகளும் கவனிக்கலாம். ஹார்லிக்ஸ் பாட்டில்களின் மூடிகளைப் பரணின் அடிப்பலகையில் ஆணியடித்துப் பொருத்தியிருக்கிறார். பாட்டிலைத் திருகினால் கையோடு வரும், திருப்பிப் பொருத்தினால் தலைக்குமேல் தொங்கும். உள்ளே இருப்பது எந்த அளவு என்று கண்ணாடி வழியே தெரியும். இடமும் மிச்சம்.

நாம் வாசித்திருந்த ஓர் ஐரோப்பியக் கைத்தொழில் நூலில், பட்டறைக்கு வடக்கு ஜன்னலே சிறந்தது, அங்கே நேர்வெயில் விழாது என்று கண்டிருந்தது. அதனை அவரிடம் சொன்னோம். அவர் வடக்கு ஜன்னலைக் காட்டினார். மே மாத வெயில் அதன் வழியே நேராக உள்ளே விழுந்து தரையில் கிடந்தது! குமரிமுனை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகை தொலைவில்தான் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறான். லண்டனில் எழுதிய விதி இங்கே செல்லாது. அவர் அந்த ஜன்னலுக்கு மேல் ஓட்டுச் சரிவை ஒன்றரை முழம் நீட்டியிருந்தார். எந்த நூலையும் வாசித்துச் செய்ததன்று.

பிறகு பெட்டியைத் திறந்தோம். பார்த்தவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் வருத்தமாக இருந்தது. உளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முதுகுப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே படிந்த துருவுக்கு அஞ்ச வேண்டியதில்லையாம். முதுகில், கூர்முனைக்கு அருகில், துரு குழி பறித்திருந்தால்தான் தொல்லை. அந்த இடம் தேயும் வரை கூர் சுத்தமாக வராது. ஆறு தேறின. இரண்டு உளிகளின் முனையைக் கால் அங்குலம் சாணையில் தேய்த்துத் தள்ள வேண்டும். வாள் ஒன்று போனது போனதுதான்.

"ஒன்பது உளி இருக்கணுமே சாமி. ஒன்றரை அங்குலம் எங்கே? அந்த உளி உங்க அப்பாக்க வலதுகை."

எட்டுத்தான் இருந்தன என்றோம். யாருக்காவது இரவல் கொடுத்திருப்பார் என்று நாமே விளக்கமும் கூறினோம்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். புளியைக் கரைத்த நீரில் இரும்புகள் இரவு முழுதும் கிடந்தன. இழைப்புளிகளின் மரக்கட்டை நீரில் படக்கூடாது, அலகை மட்டும் கழற்றி இட வேண்டும். விடிந்ததும் தேங்காய் நாரால் தேய்த்தோம். துரு சேறாகக் கழன்று வந்தது. புளிப்பு ஒட்டியிருந்தால் மீண்டும் துருப்பிடிக்கும் ஆதலால் ஆப்பச்சோடா கலந்த நீரில் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, தையல் இயந்திர எண்ணெய் தடவினோம். முட்டத்தில் கேட்ட அதே வரிசை: கழுவு, துடை, காயவை, பிறகு எண்ணெய். காலை பத்து மணிக்கு, சாம்பல் நிறத்தில் ஏழெட்டு இரும்புத் துண்டுகள் முற்றத்துப் பாயில் கிடந்தன. ஓர் உளியின் கழுத்தில் தந்தையார் அரத்தால் கீறிய சிறு சிலுவை அடையாளம் தெளிந்து தெரிந்தது. கூட்டமாகப் பலர் வேலை செய்யும் இடத்தில் தம் கருவியை அறிந்துகொள்ள அவர் இட்டது.

புறப்படும்போது ஒன்று கேட்டோம். இவ்வளவு அறிந்தவராகிய நீங்கள் ஏன் மூடிய அலமாரி செய்யவில்லை? அவர் சொன்ன விடை இன்றும் நம் சிந்தையில் இருக்கிறது. மூடினால் தூசியும் உப்பும் நுழையா என்பது சரி. ஆனால் மழைக்காலத்தில் உள்ளே ஒருமுறை ஈரம் புகுந்தால் அது வெளியேறவும் வழியில்லை. கடற்கரையில் மூடித்தான் ஆக வேண்டும், எண்ணெயும் துணியும் வேண்டும். மேட்டுநிலத்தில், தினமும் கைபடும் கருவிக்குத் திறந்த சுவரே நல்லது. கைபடாத கருவிக்கு எந்தப் பெட்டியும் உதவாது.

அமெரிக்காவில் ஹென்றி ஸ்டட்லி என்னும் பியானோ செய்யும் தொழிலாளர் இருந்தார். 1925-இல் மறைந்தவர். ஏறத்தாழ முந்நூறு கருவிகளை ஒரு முழத்துக்குச் சற்றே அகலமான சுவர்ப்பெட்டி ஒன்றுக்குள் அடுக்கினார். ஒரு தட்டைத் தூக்கினால் அடியில் வேறொன்று, அதனைத் திருப்பினால் பின்னால் மற்றொன்று. அதன் படத்தைக் காண்போர் வாய் பிளப்பர். முதியவருக்கு அதனை வருணித்தோம். ஆர்வத்தோடு கேட்டுவிட்டு, "அங்கே மழை உண்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் திருவட்டாற்றை அடைந்து, தமக்கையாரின் வீடு சேர்ந்தோம். அது தந்தையாரின் வீடும்கூட. மருமகன் பின்தாழ்வாரத்தைக் கழுவி வைத்திருந்தான். வளைகுடாவில் கற்ற ஒழுங்கு அவனிடம் நன்றாகவே தெரிந்தது. மின்கருவிகளுக்குச் சக்கரம் வைத்த அலமாரி, மரத்தூள் உறிஞ்சும் இயந்திரம், மின்கம்பிகளுக்குத் தனிக் கொக்கி. தட்டுகளை ரப்பர் மரத்தில் செய்ய எண்ணியிருந்தான். சுற்றிலும் ரப்பர் தோட்டம், மரம் மலிவு. முறையாகப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றாத ரப்பர் மரத்தில் வண்டும் பூஞ்சணமும் விரைவில் பிடிக்கும் என்பதால் அதனைத் தடுத்தோம். கரையானுக்குக் கால்களில் முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் பூசச் சொன்னோம். மெருகெண்ணெய்த் துணிகளை மட்டும் மூலையில் சுருட்டிப் போடாதே என்று கண்டிப்பாகவே சொன்னோம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவைத்த பின்பே எறிய வேண்டும். தமக்கையாரும் உடன் நின்று கேட்டுக்கொண்டார்கள்.

பலகைகளை எங்கே வைப்பது என்பதில் அவனுக்கும் அன்னைக்கும் வழக்கு. அடுக்களைப் பரணில் வைக்க வேண்டும் என்றார்கள் தமக்கையார். அந்தக் காலத்தில் அடுப்புப்புகை படும் மரத்தில் வண்டு ஏறாது. "இப்போ காஸ் அடுப்பும்மா, புகை எங்கே?" என்றான் அவன். அவன் சொன்னதே சரி. தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, ஒவ்வொரு பலகைக்கும் இடையில் குறுக்குச் சட்டம் வைத்து, கிழக்குப் பக்கம் அடுக்குவது என்று முடிவாயிற்று. அடியில் பூனை நடமாடும் அளவுக்கு இடம் வேண்டும் என்று தமக்கையார் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். பத்தாயத்துக்குச் சொல்லும் விதி அது. ஒரு சாணுக்குக் குறைந்த துண்டுமரம் அன்றன்றே வெளியேற வேண்டும் என்பது தந்தையாரின் சட்டம். அதற்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை.

பிறகு தமக்கையார் நம்மைத் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துச் சென்று, சுவரில் சாய்த்திருந்த கட்டிலை நகர்த்தினார்கள்.

பின்னால் தந்தையாரின் பலகை இருந்தது. சுண்ணாம்பு பூசிய பலகை. அதன்மேல் கரியால் வரைந்த உருவங்கள். ஒவ்வொரு கருவியையும் வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்திருந்தார். மாலையில் விளக்கைப் பிடித்து ஒருமுறை பார்ப்பார், கருவியற்ற உருவம் ஒன்றேனும் தெரிந்தால் தேடி எடுக்காமல் கஞ்சி குடிக்க வரமாட்டார். எத்தனையோ முறை வீட்டுக்கு வெள்ளையடித்தபோதும் அந்தப் பலகையை மட்டும் தொடவிடவில்லை என்றார்கள் தமக்கையார். பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

மருமகன் நெடுநேரம் பார்த்திருந்தான். "அங்கே கம்பெனியில பெயின்ட்ல வரைஞ்சிருப்பாங்க மாமா. புது முறைன்னு சொல்லித் தந்தாங்க" என்றான்.

பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தோம். அவன் உருவத்தைப் பார்த்து மாட்டினான். கொட்டாப்புளி, வாய்ச்சி, மூலைமட்டம் ஆகிய யாவும் தத்தம் கோட்டுக்குள் பொருந்தி உட்கார்ந்தன. வாள் ஒன்றின் இடம் காலி. அது எதிர்பார்த்ததே. உளி வரிசையில் கடைசியில் அகன்ற உருவம் ஒன்று வெறுமையாக நின்றது. ஒன்றரை அங்குலம்.

"அது இரவல் போயிருக்கும்" என்று மீண்டும் சொன்னோம். "அப்பா ஆயுதம் இரவல் கொடுக்கமாட்டாங்களே" என்றார்கள் தமக்கையார்.

அன்று மாலையே பங்குக்குத் திரும்பினோம். சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்து உடையறையில் இருந்தபோது, உபதேசியார் மெழுகுவர்த்தித் தட்டில் உறைந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்த கைப்பிடியற்ற இரும்பை அன்றுதான் பார்த்தோம். பிடிக்குப் பதிலாகப் பழைய துணி சுற்றியிருந்தது. பெயின்ட் டப்பாவைத் திறந்து திறந்து முனை வளைந்திருந்தது. வாங்கித் துணியை அவிழ்த்தோம். கழுத்தில் சிறு சிலுவைக் கீறல்.

"இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டோம்.

"நீங்கதான் சாமி தந்தீங்க. இங்கே வந்த முதல் வாரம். பெட்டி ஒண்ணிலேயிருந்து எடுத்து, இது எதுக்காவது உதவும்னு சொன்னீங்க."

மெழுகு சுரண்டுவதற்கு அவருக்கு ஒரு புதிய தகட்டுக்கத்தி வாங்கிக் கொடுத்தோம். உளி இரண்டு இரவு புளிநீரில் கிடந்தது. முதுகில் குழி இல்லை. வளைந்த முனையைச் சாணைக்காரர் அரை அங்குலம் தேய்த்துத் தந்தார். கைப்பிடியை மருமகனே போட்டுக்கொள்வான். அடுத்த வியாழக்கிழமை, சணலில் அல்ல, எண்ணெய்த் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, திருவட்டாற்றுப் பேருந்தில் ஏறினோம்.